ஆங்கிலத்திலிருந்து பாஸ்னிய மொழிக்கு: ஒரு சொல் ஏன் மூன்றாகிறது?

'அங்கிள் வந்தார்' என்ற ஆங்கில வாக்கியத்தைப் பாஸ்னியத்துக்குக் கொண்டுபோகும்போது, மொழிபெயர்ப்பாளர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறார். ஏன்?

அப்பாவின் சகோதரர் என்றால் அங்கே 'அமிஜா'. அம்மாவின் சகோதரர் 'தாய்ஜா'. அத்தை அல்லது சித்தியின் கணவர் 'தேதக்'. முதல் இரண்டும் உதுமானியர் ஆட்சிக் காலத்தில் துருக்கிய மொழியிலிருந்து வந்து தங்கிய சொற்கள். சித்தப்பாவையும் மாமாவையும் பிரித்தே அழைக்கும் நமக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும்.

அடுத்தது பால். 'நான் வந்தேன்' என்று ஆண் சொன்னால் 'தோஷாவோ ஸம்'; பெண் சொன்னால் 'தோஷ்லா ஸம்'. ஆங்கில மூலத்தில் இந்தத் தகவல் இருக்காது. பேசுபவர் யார் என்பதைக் கதைக்குள் தேடித்தான் எழுத வேண்டும்.

எண்களும் சும்மா விடுவதில்லை. ஒரு மணி நேரம் 'ஸாத்'. இரண்டு, மூன்று, நான்கு என்றால் 'ஸாதா'. ஐந்து முதல் 'ஸாதி'. 21 வந்தால் மறுபடியும் 'ஸாத்'!

இத்தனை சிக்கலுக்கு நடுவே ஒரு வசதியும் உண்டு. பாஸ்னியத்தில் ஏழு வேற்றுமைகள் உண்டு. பெரும்பாலும் பெயர்ச்சொல்லின் ஈறே அது எழுவாயா, செயப்படுபொருளா என்று காட்டிவிடும். அதனால் ஆங்கிலத்தின் சொல்வரிசையை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. எதை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதற்கேற்ப வரிசையை மாற்றலாம்.

ஆனால் சித்தப்பாவா மாமாவா, ஆணா பெண்ணா என்று மூலம் சொல்லாமல் விட்ட இடங்களில் கணினி மொழிபெயர்ப்பு இடறக்கூடும். அங்கே ஊகிக்காதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள். நல்ல மொழிபெயர்ப்பு சரியான கேள்வியில்தான் தொடங்குகிறது.