தண்ணீருக்கு வழிவிட்ட ஊர்: ரஷ்யாவின் பிரேய்தோவோ

ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் பிராந்திய வரைபடத்தை விரித்தால், வடமேற்கு மூலையில் பெரியதொரு நீலப் பரப்பின் கரையில் பிரேய்தோவோ என்ற பெயர் தெரியும். மூவாயிரம் பேர் அளவில் வாழும் ஊர். சீத் என்ற சிறிய ஆறு அந்த இடத்தில்தான் நீலப் பரப்புக்குள் கலக்கிறது. 1941ஆம் ஆண்டுக்கு முந்திய வரைபடத்திலும் இதே பெயர் இருக்கிறது. ஆனால் அதில் நீலப் பரப்பு இல்லை. மெல்லிய கோடுகளாக ஆறுகளும் அவற்றைச் சுற்றிப் புல்வெளிகளும் நூற்றுக்கணக்கான கிராமங்களின் பெயர்களும் மட்டுமே உள்ளன.

அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பிரேய்தோவோ தப்பியதற்குக் காரணம், அது தன் பழைய இடத்தை விட்டு மேட்டுக்கு நகர்த்தப்பட்டதுதான்.

சீத் ஆறு துவேர் பிராந்தியத்தில் தோன்றி, சுமார் 160 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஓடிவருவது. முன்னர் அது மொலோகா ஆற்றிலும், மொலோகா வோல்காவிலும் சேர்ந்தன. ரஷ்யப் பாடப்புத்தகங்களில் இந்தச் சிறிய ஆற்றுக்கு ஓர் இடம் உண்டு. 1238 மார்ச் 4ஆம் திகதி, மங்கோலியப் படைகளிடம் விளதிமிர் நாட்டின் பெருங்கோமகன் யூரி தோற்றுக் கொல்லப்பட்டது இதன் கரையில். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே அவருடைய தலைநகர் விழுந்து, அங்கே விட்டுவந்த மனைவியும் பிள்ளைகளும் இறந்துபோயிருந்தார்கள். படை திரட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் அந்தச் செய்தி அவருக்குக் கிடைத்தது. சண்டை சரியாக எந்த இடத்தில் நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே இன்றும் இணக்கம் இல்லை. சீத் கரையின் பல கிராமங்கள் அந்தப் பெருமைக்கு உரிமை கோருகின்றன.

அந்தக் கரையில் வாழ்ந்தவர்களை அயலவர் ‘சீத்ஸ்காரி’ என்று தனிப்பெயரால் அழைத்தார்கள். பேச்சு வழக்கு வேறு, பழக்கவழக்கங்கள் வேறு. வடக்கிலிருந்து வந்த கரேலிய மக்களின் கலப்பு அவர்களிடம் இருக்கிறது என்ற கருத்தும் உண்டு. தச்சுவேலையில் பெயர் எடுத்தவர்கள். காடு நிறைந்த நாட்டில் வீடு என்றால் முழு மரக்குற்றிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பொருத்திக் கட்டுவது. இப்படிக் கட்டிய வீட்டைப் பிரிக்கவும் முடியும், வேறிடத்தில் திரும்பப் பூட்டவும் முடியும். இந்த ஒரு விடயம் பிறகு மிக முக்கியமானது.

மொலோகாவுக்கும் ஷெக்ஸ்னா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் தாழ்வான சமவெளி. வசந்தத்தில் பனி உருகும்போது ஆறுகள் கரைமீறி, வயல் எங்கும் வண்டலை விட்டுச்செல்லும். கோடையில் அங்கே வளரும் புல்லுக்காகவே அப்பகுதி அறியப்பட்டது. வைக்கோல், கறவைப் பசு, வெண்ணெய் என்று அந்த மக்களின் வருமானம் வெள்ளத்தில்தான் தங்கியிருந்தது. வெள்ளம் அவர்களுக்குப் பகையல்ல, ஆண்டுதோறும் வந்து திரும்பிப்போகும் விருந்தாளி.

திரும்பிப்போகாத வெள்ளம் ஒன்றுக்கு 1935 செப்டெம்பரில் சோவியத் அரசு உத்தரவிட்டது. ரீபின்ஸ்க் நகரருகே வோல்காவையும் ஷெக்ஸ்னாவையும் மறித்து அணைகள் கட்டி, மின்சாரம் எடுத்து, பெரிய கப்பல்கள் போகும் அளவுக்கு ஆற்றை ஆழமாக்குவது திட்டம். முதலில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 98 மீற்றர் என்று கணக்கிடப்பட்டது. பின்னர் கூடுதல் மின்சாரத்துக்காக அதை 102 மீற்றராக உயர்த்தினார்கள். காகிதத்தில் நான்கு மீற்றர் சிறிய எண். தட்டையான நிலத்திலோ அது மூழ்கும் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. பல நூற்றாண்டு பழமையான மொலோகா நகரம் 98 மீற்றருக்குத் தப்பியிருக்கும். 102க்குத் தப்பவில்லை.

1936இன் இலையுதிர்காலத்தில் மக்களுக்கு அறிவித்தல் வந்தது. குளிர்காலம் வாசலில் நிற்கும் நேரம் அது. மன்றாட்டங்களுக்குப் பிறகு அடுத்த வசந்தம்வரை தவணை கிடைத்தது. அதிலிருந்து நான்கு ஆண்டுகள் இடப்பெயர்வு நடந்தது. குற்றிகளுக்கு இலக்கமிட்டார்கள், வீட்டைப் பிரித்தார்கள், குற்றிகளைத் தெப்பமாகக் கட்டி வோல்காவில் மிதக்கவிட்டார்கள். வீட்டுச் சாமான்களும் அதே தெப்பத்தில்தான். போய்ச்சேர்ந்த இடத்தில் நனைந்த குற்றிகளை இலக்கப்படி திரும்ப அடுக்கவேண்டும். ரீபின்ஸ்க் நகரின் ஓரங்களில் இப்படி மறுபடி எழுந்த மொலோகா வீடுகளின் தெருக்கள் உருவாகின. தூக்கிச்செல்ல முடியாத அளவுக்குப் பழைய வீடு என்று மதிப்பிட்டால் நட்டஈடு மட்டும்தான். கல்லறைகளுக்கு இலக்கம் இடப்படவில்லை. பல மயானங்கள் இருந்த இடத்திலேயே மூழ்கின.

மொத்தம் சுமார் 130,000 பேர் வெளியேறினார்கள். மொலோகா நகரத்தோடு 700 அளவிலான கிராமங்கள் போயின. இலோவ்னா என்ற இடத்தில் இருந்த முசின்-புஷ்கின் குடும்பத்தின் பண்ணையும் மூழ்கியது. பழைய ரஷ்ய இலக்கியத்தின் முதன்மையான கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்து அச்சேற்றிய அலெக்ஸேய் முசின்-புஷ்கின் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். பிரதி 1812இல் மொஸ்கோ தீயில் அழிந்தது. கண்டெடுத்தவரின் கல்லறையைத் தண்ணீர் எடுத்தது.

அணையைக் கட்டியவர்களையும் சொல்லவேண்டும். அந்த வேலைக்காகவே ‘வோல்காலாக்’ என்ற கைதிகள் முகாம் அமைக்கப்பட்டது. பல பத்தாயிரம் பேர் அதில் அடைக்கப்பட்டிருந்தார்கள். போர்க்கால ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் அங்கே பெருந்தொகையானோர் இறந்தனர். இன்று அணையருகே வோல்கா அன்னைக்குப் பெரிய சிலை நிற்கிறது.

1941 ஏப்ரல் 13ஆம் திகதி அணையின் கடைசித் திறப்பு மூடப்பட்டது. இரண்டு மாதங்களில் ஜேர்மனி படையெடுத்தது. நவம்பரில், எதிரிப் படைகள் மொஸ்கோவை நெருங்கிய நாட்களில், வேலை முடியாத அந்த நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடத்தொடங்கியது. தலைநகருக்கு அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் அங்கிருந்தும் போனது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். ஆனால் இதே உண்மை பிறகு பல பத்தாண்டுகள் ஒரு பூட்டாகவும் பயன்பட்டது. நாட்டைக் காத்த அணையைப் பற்றி முறையிட யாருக்கு உரிமை? வெளியேறியவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பேசாமல் வைத்த இடத்தில் கட்டுக்கதை முளைக்கும். 294 பேர் வெளியேற மறுத்து, தங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டு வெள்ளத்தில் மூழ்கினார்கள் என்ற தகவல் இணையத்தில் பல மொழிகளில் உலவுகிறது. ஓர் அதிகாரியின் அறிக்கை என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். உள்ளூர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பலர் இதை நம்புவதில்லை. தண்ணீர் ஒரே நாளில் வரவில்லை, நிரம்ப 1947வரை பிடித்தது. எனக்கும் இந்தக் கதையில் ஒரு சங்கடம் உண்டு. 130,000 பேர் தங்கள் வீட்டைத் தாங்களே பிரித்தது செய்தியாக வேண்டுமென்றால் அதற்கு மேலே 294 சடலங்கள் தேவைப்படுகின்றன.

நிரம்பியபோது நீர்த்தேக்கத்தின் பரப்பு சுமார் 4,500 சதுர கிலோமீற்றர். அங்குள்ளவர்கள் அதைக் கடல் என்றே சொல்வார்கள். சராசரி ஆழம் ஆறு மீற்றருக்கும் குறைவு, அதனால் காற்று எழுந்தால் அலை சட்டென்று உயரும். வெட்டி முடிக்காத காடுகள் நீருக்குள் நின்றபடியே பட்டுப்போயின. அடியில் கிடந்த முற்றா நிலக்கரிச் சேற்றுப் படலங்கள் பெயர்ந்து மேலே வந்து, மிதக்கும் தீவுகளாக அலைந்தன. அவற்றில் செடி முளைத்தது, பறவைகள் கூடு கட்டின. இந்த மாற்றங்களை ஆராய 1945இல் வடமேற்குக் கரையில் டார்வின் பெயரில் இயற்கை ஒதுக்கிடம் ஒன்று தொடங்கப்பட்டது.

பிரேய்தோவோ புல்வெளி ஊராக இருந்து கரையோர ஊராக மாறியது. சீத் ஆற்றின் கீழ்ப்பகுதி இப்போது நீர்த்தேக்கத்தின் ஒரு கை. பெயரும் மாவட்டத் தலைமையிடம் என்ற நிலையும் தொடர்ந்தன.

மொலோகாவுக்கு அதுவும் இல்லை. அதன் மக்களும் பிள்ளைகளும் ஓகஸ்ட் மாதங்களில் ரீபின்ஸ்கில் ஒன்றுகூடுகிறார்கள். 1995இல் அங்கே மொலோகாவுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நீர்மட்டம் அனுமதித்தால் படகில் போய், நகரம் இருந்த இடத்துக்கு மேலே மலர்வளையம் விடுவார்கள். 2014இல் மழை குறைந்து நீர் வெகுவாக இறங்கியது. தெருக்களில் பாவிய கற்களும் வீடுகளின் அத்திவாரங்களும் வெளியே தெரிந்தன. ஆட்கள் சேற்றில் இறங்கி நடந்தார்கள், பழைய வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு எந்தத் தெரு எதுவென்று பார்த்தார்கள். பிறகு பனி உருகியது, தண்ணீர் திரும்ப ஏறியது.