சாக்குப்படுதாவுக்குப் பின்னால் ஒரு கிடார்

வாங்க, முன்வரிசை நாற்காலியெல்லாம் நமக்கு வேண்டாம். படுதாவைத் தூக்கிப் பிடிக்கிறேன், குனிந்து உள்ளே வந்துவிடுங்கள். காலைப் பார்த்து வையுங்கள், தரை முழுக்க ஒயர்!

பட்டுக்கோட்டை நாடியம்மன் கோயில் பங்குனித் திருவிழா. இன்றைய திருநாள் செலவை ஏற்ற மண்டகப்படிக்காரர்கள் இன்னிசைக் கச்சேரி வைத்திருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் பஞ்சுமிட்டாயும் பலூனும். பின்னால் ஒரு ஒடுக்கமான சந்து, அங்கேதான் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார். குழுவைத் தொடங்கியவர், கிடாரிஸ்ட், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தன் பெயரும் குழுவின் பெயரும் அச்சில் வரக் கூடாது என்பது அவர் நிபந்தனை. "போட்டீங்கன்னா, எங்க பேரு எங்கேன்னு அத்தனை பேரும் என்னைக் கேப்பானுவோ தம்பி." ஆகவே நமக்கும் அவர் அண்ணன்தான்.

கச்சேரிக்கு முன் கிடாரிஸ்ட் என்ன செய்வார்? ஸ்ருதி சேர்ப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பனியனோடு குத்துக்காலிட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, அறுந்துபோன ஜாக் பின்னுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். ஜிகினாச் சட்டை வியர்வை படாமல் மூங்கிலில் தொங்குகிறது. பக்கத்தில் ரோஸ் பவுடரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்.ஜி.ஆர். தயாராகிறார். திடீரென்று ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்துகிறார்: "வாத்தியாரே, அந்த போன் சார்ஜரைப் புடுங்கு!" புரட்சித் தலைவர் முணுமுணுத்துக்கொண்டே புடுங்குகிறார். இரைச்சல் நின்றது. எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

ஈயம் காய்வதற்குள் கதை வருகிறது. அந்தக் காலத்தில் இந்தக் கடலோரத்தில் இலங்கை வானொலி நன்றாகவே எடுக்கும். ஏ.ஈ. மனோகரனின் பொப் பாடல்களில்தான் முதன்முதலில் கிடார் சத்தம் அவர் காதில் விழுந்தது. அப்புறம் 1980இல் 'மூடுபனி' படம், பிரதாப் போத்தன் கையில் கிடார். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை'. அதன் நிலாப் பாட்டில் வரும் கிடாரை எடுக்க, கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு டேப்பே இழுபட்டுப்போனதாம். "அதை வாசிச்சவரு சந்திரசேகர்னு பேரு தெரியவே எனக்குப் பல வருஷம் ஆச்சு. கேசட் அட்டையில ஏது அதெல்லாம்?" குறுவை அறுத்த காசில், அப்பாவுக்குத் தெரியாமல், கல்கத்தா தயாரிப்பான கிவ்சன் கிடார் ஒன்றைப் பழசாக வாங்கினார். அப்பாவுக்குத் தெரிந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே முதுகைத் தடவிக் காட்டினார்.

ஆசை என்னவோ ராக் மீதுதான். முதல் கச்சேரியிலேயே டிஸ்டார்ஷன் பெடலை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி, "தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு, நிறுத்துங்க" என்றாராம்! அன்றிலிருந்து டிஸ்டார்ஷன் ரஜினி பாட்டுக்கு மட்டும்.

என்னைக் கேட்டால், மெல்லிசைக் குழுதான் நம் ஊரின் ராக் பேண்ட். வேனில் ஊர் ஊராய் ராத்திரிப் பயணம், பாதியில் பிரிந்து போட்டிக் குழு தொடங்கும் பாடகர், மேடையோரம் ஆடித் தீர்க்கும் இளவட்டங்கள், எல்லாம் உண்டு. இல்லாதது சொந்தப் பாட்டு ஒன்றுதான். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு முன்பே 'நெமசிஸ் அவென்யூ' என்று ராக் குழு நடத்தினார். 2018இல் கானாவையும் பறையையும் ராக்கோடு சேர்த்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியது. இங்கே பட்டுக்கோட்டையிலோ மண்டகப்படிக்காரர் கேட்பதைத்தான் வாசித்தாக வேண்டும். ஆனாலும் கவனித்தேன், சவுண்ட் செக்கில் அண்ணன் வாசித்த சின்ன மெட்டு எந்தப் படத்திலும் வந்ததில்லை. "இது எது?" என்றேன். "நம்மளுதுதான்" என்றார், மைக்செட்காரருக்குக் கை காட்டியபடியே.

சட்டை ஏறியது, விளக்கு எரிந்தது, சாமி பாட்டில் கச்சேரி தொடங்கியது. கூட்டத்தில் ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. இனி பாட்டை நிறுத்த முடியாது! பேடுக்காரர் கை ஓய வாசிக்கிறார், பாடகி அதே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார். எல்லார் கண்ணும் கிடார் மேல். கிடாரின் கழுத்து தாழ்ந்திருந்தால் இன்னொரு சுற்று, உயர்ந்தால் முடிப்பு. அண்ணனின் கண்ணோ பூசாரி கையில். திருநீறு நெற்றியில் விழுந்த நொடியில் கழுத்து மேலே போனது, அத்தனை வாத்தியமும் ஒரே அடியில் நின்றது. அடடா!

அதன் பின் சீட்டுகள் பறந்து வருகின்றன. பாட்டின் பேரும் கொடுத்தவர் பேரும் எழுதி, நூறு ரூபாய்த் தாளைக் குண்டூசியில் குத்தி அனுப்புகிறார்கள். ஒரே பாட்டை இரண்டு தெருக்காரர்கள் கேட்டால் யார் பேரை முதலில் வாசிப்பது? அந்தப் பஞ்சாயத்தும் அண்ணன் தலையில்தான், ஒரு கை தந்தியில் இருக்கும்போதே.

நடுவில் தண்ணீர் குடிக்க வந்தவர் இரண்டே வரியில் சொன்னார்: "2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுது. சாஞ்சது தென்னை, படுத்தது நாங்க." வரும்படி போன ஊர் கச்சேரிக்கு எங்கே போகும்? தலையெடுப்பதற்குள் 2020 பங்குனியில் ஊரடங்கு, அடுத்த வருஷமும் அதே கதை. ஆம்ப்ளிஃபயரை விற்றார், தேங்காய் லோடு ஓட்டினார். கிடாரை மட்டும் விற்கவில்லை. இப்போது புதுத் தொல்லை, இரண்டு பாடகரும் ஒரு லேப்டாப்பும் போதும், டிராக்கைப் போட்டுப் பாடுங்கள் என்கிறார்களாம்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், அது சட்டம். படுதா ஓரம் போலீஸ்காரர் மணிக்கட்டைத் தட்டுகிறார். கடைசிப் பாட்டு பல்லவியும் ஒரே சரணமுமாக ஓடி முடிகிறது. அந்த அவசரத்திலும் எட்டு நொடி கிடார் சோலோவை மட்டும் அண்ணன் வெட்டவே இல்லை!

டெல்டா பக்கம் இன்னிசைக் கச்சேரி நோட்டீஸ் கண்ணில் பட்டால் போய்வாருங்கள். சீட்டு எழுதும்போது கிடார் வருகிற பாட்டாகப் பார்த்து எழுதுங்கள், மறக்காமல் நூறு ரூபாயையும் குத்தி அனுப்புங்கள். அந்தப் பணம் குழுவில் எல்லாருக்கும் சரிசமமாகப் பிரிகிறது, கண்ணால் பார்த்தேன்.