ரயில் கைவிட்டதால் பிழைத்த தெரு! தரங்கம்பாடி கிங் ஸ்ட்ரீட் கதை தெரியுமா?

தாராசுரம் கோயிலைப் பார்க்க வருகிறவர்களில் பலர், கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்படியே மயிலாடுதுறை வழியாகக் கிழக்கே இரண்டு மணி நேரம் வண்டியை விட்டுப் பாருங்கள். தரங்கம்பாடி வரும். ஊருக்குள் நுழைய வெள்ளையடித்த பழைய வாசல் ஒன்று. கட்டிய ஆண்டு 1792. அதைத் தாண்டிக் கடலை நோக்கி நேராக ஓடுவதுதான் கிங் ஸ்ட்ரீட்.

எந்த கிங்? இங்கிலாந்து ராஜா இல்லை, டென்மார்க் ராஜா!

மிளகு வாங்க வந்த டேனிஷ்காரர்களுக்கு இங்கே இடம் கொடுத்தவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர். ஆண்டு 1620. டென்மார்க் மன்னருக்கு அவர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டை கட்டிக்கொண்டாலும், தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் 3,111 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது, வந்தவர்கள் வாடகைக்குக் குடிவந்தவர்கள்தான்.

1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க் இங்கிருந்துதான் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இதே தெருவில் இருக்கிறது. அவர் கல்லறையும் அதற்குள்தான்.

வியாபாரம் நொடித்ததும் 1845-ல் டென்மார்க் ஊரையே விற்றுவிட்டது. வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து விலை 12.5 லட்சம் ரூபாய். வாங்கிய ஆங்கிலேயர்கள், தஞ்சாவூர் மாவட்டத் தலைநகரையே இங்கே கொண்டுவந்தார்கள். அந்த யோகம் நீடித்தது சுமார் 15 ஆண்டுகள்தான். 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. கப்பல், சரக்கு, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இந்த ஊரை விட்டுப் போயின. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-ல். அதுவும் 1986-ல் நின்றுபோனது.

அதனால் ஒரு நன்மை. இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் யாரிடமும் பெரிதாகப் பணம் புரளவில்லை. பருத்த தூண்கள், சுண்ணாம்புச் சுவர்கள், உயரமான கதவுகள் எல்லாம் அப்படியே மிஞ்சின. கலெக்டர் பங்களா இப்போது ஹோட்டல்.

2004 சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பும் டென்மார்க்கிலிருந்து வந்த உதவியும் சேர்ந்து பல கட்டடங்களை மீட்டெடுத்தன. ஆனால் சிக்கல் தீரவில்லை. உப்புக்காற்று ஓயாமல் சுவரை அரிக்கிறது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்புதான் பூச வேண்டும். அதற்குப் பழகிய கொத்தனார் வேண்டும். செலவு யாருடையது? பெரும்பாலும் வீட்டுக்காரருடையதுதான்.

தாராசுரம் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்பது மத்திய தொல்லியல் சட்டம். அதே ஊரில் அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் நெசவாளர் வீட்டுத் திண்ணைக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. இன்டாக் பட்டியலில் ஒரு வீட்டின் பெயர் ஏறிவிட்டாலும், அது மட்டுமே சட்டப் பாதுகாப்பு ஆகிவிடாது. இடிப்பதா, சுண்ணாம்பு பூசுவதா என்பது அந்தக் குடும்பத்தின் கையிருப்பைப் பொறுத்தது.