ஷஃபிளில் போடாதீங்க

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) ஆல்பத்தைப் போன வாரம் காரைக்கால்மேட்டில் நானும் நண்பனும் வரிசையாகக் கேட்டோம். 10 டிராக், பாடல் வரிகளே கிடையாது. இத்தனை வருஷம் ஷஃபிளில் கேட்டு நான் கோட்டைவிட்டது ஒன்று: பின்பாதித் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு கதை வருது.

முதலில் தியாகராஜருக்கு வரவேற்பு. அடுத்து ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாகின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் பிரெலூட் அதில் இருக்கு. கூடவே வி.எஸ். நரசிம்மனின் வயலின். அந்த வாக்கியம் அடுத்த டிராக்கில்தான் முடியுது: ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. பாக் இறந்தது 1750, தியாகராஜர் பிறந்தது 1767. நிஜத்தில் சந்திக்கவே முடியாதவங்க, ராஜா வீட்டில் சந்திக்கிறாங்க!

அதற்கடுத்து ‘டோன்ட் கம்பேர்’. அது முடியறதுக்குள்ள நண்பன் ஆரம்பிச்சுட்டான்: “இருந்தாலும் பாக்தான்டா ஒரு படி மேல.”