மாற்று எஞ்சினும் மக்கர் வண்டியும்

பழுதடைந்த எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றிய டீசல் பிக்கப் வண்டிகள் பல, பட்டறையை விட்டு வெளிவந்த மறுநாளே மக்கர் செய்யத் தொடங்கிவிடுகின்றன. ஸ்டார்ட் ஆகும்; சமநிலத்தில் ஓடும்; சுமையுடன் மேடேறும்போது மூச்சு வாங்கும். உடனே, "எஞ்சினே சரியில்லை" என்றோ, "பம்ப்பைக் கழற்ற வேண்டும்" என்றோ தீர்ப்பு வந்துவிடும். கடன் வாங்கி எஞ்சின் போட்டவர் மீண்டும் கடன் வாங்குவார். வகுப்பில் நாம் கற்ற இரண்டொரு விதிகளைக் கொண்டே இக்குறையின் வேரை நாடலாம் என்பது என் கருத்து.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றுவரை அடிப்படை ஒன்றே: காற்றை அழுத்திச் சூடாக்கி, அச்சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சுவது. 27 பாகை செல்சியசில் உள்ள காற்றை இருபதில் ஒரு பங்காக, வெப்பமாற்றீடற்ற முறையில் சுருக்கினால் ஏறத்தாழ 720 பாகை வருமெனக் கணக்குக் காட்டுகிறது. சிலிண்டர் சுவர் வெப்பத்தைப் பறிப்பதால் நடைமுறையில் அது குறையும். எனினும் டீசல் பற்றிக்கொள்ளப் போதும். ஆகவே தேவையானவை மூன்று: போதிய காற்று, அளவான எண்ணெய், சரியான நேரம். எஞ்சினை மாற்றும்போது குலைவது பெரும்பாலும் அதன் உட்புறமன்று. அதனை வண்டியோடு இணைக்கும் குழாய்களும் கம்பிகளுமே.

புகையின் நிறம் ஓரளவு வழிகாட்டும். கறுப்புப் புகை எனில் காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் மிகுதி. வெள்ளை எனில் எரியாத டீசல். நீலம் எனில் எஞ்சின் ஆயில் எரிகிறது. இதற்கு மட்டும் எஞ்சினை ஐயுறலாம்.

பலரையும் ஏமாற்றும் குறை ஒன்றுண்டு. டீசல் தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சு குழாய். அதனுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. எனவே அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். கண்ணால் பார்ப்பவர், "ஒழுகல் இல்லை, குழாய் நன்றாக இருக்கிறது" என்று சத்தியம் செய்வார்! திரவம் அழுத்தத்திற்குச் சுருங்காது எனலாம்; காற்றோ பாயில் விதிப்படி சுருங்கிக்கொடுக்கும். பம்ப்பின் உந்துதண்டு செய்யும் வேலை குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்தால், நாசிலின் ஊசி எழாது. அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் சும்மா இருக்கும்.

என் சித்தப்பாவின் காய்கறி வண்டியில் நடந்தது இதுவே. பம்ப்பை ஓவராயில் செய்ய (ஓவர்ஹால் எங்கள் பக்கத்தில் ஓவராயில் ஆகிவிட்டது) ஒரு பெருந்தொகை கேட்டார்கள். அதற்கு முன் ஃபில்டருக்குப் போகும் குழாயில் ஒரு முழம் கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயை இணைத்துப் பார்த்தோம். சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழிகள் வரிசையாக ஓடின! நசுங்கிய பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டு முறுக்கியிருந்தார்கள். புது வாஷரின் விலை ஒரு தேநீருக்குக்கூட ஆகாது. இன்னொரு சோதனையும் எளிது. எஞ்சினைவிட உயரத்தில் ஒரு கேனைக் கட்டி, அதிலிருந்து நேரே டீசல் கொடுத்து ஓட்டினால், எஞ்சின் சீராகிவிடும் பட்சத்தில் குற்றம் தொட்டிப் பக்கத்துக் குழாயில்தான்.

அடுத்தது டைமிங். 2000 சுற்று வேகத்தில் கிராங்க் ஒரு விநாடியில் 12,000 பாகை திரும்புகிறது. ஒரு பாகைக்குக் கிடைப்பது விநாடியில் பன்னீராயிரத்தில் ஒரு பங்கு. பம்ப் அதன் பாதி வேகத்தில் சுழல்வதால் பம்ப்பில் ஒரு பாகைப் பிழை கிராங்கில் இரண்டாகும். 40 பற்கள் கொண்ட பம்ப் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் கிராங்கில் 18 பாகை! அவ்வளவு பிழையில் எஞ்சின் பிடிப்பதே கடினம். ஓடவும் செய்து சோர்வும் காட்டினால், பம்ப்பின் விளிம்பிலுள்ள நீள்துளைகளில் அது சற்றே திரும்பி உட்கார்ந்திருக்கக்கூடும். தாமதமாயின் வெள்ளைப் புகையும் இழுவைக் குறைவும். முந்தினால் 'டக் டக்' என்ற கடுமையான அடி.

ஆக்சிலேட்டர் கேபிளை ஏனோ யாரும் பார்ப்பதில்லை. மிதியை முழுக்க மிதித்தும் பம்ப்பின் நெம்புகோல் முக்கால் தூரமே திரும்பினால் முழு எண்ணெய் எப்படி வரும்? ஒருவர் மிதிக்க, மற்றவர் பானெட்டைத் திறந்து பார்த்தால் போதும்.

பெட்ரோல் ஜீப் வகை வண்டிகளில் டீசல் ஏற்றியிருந்தால் பின்னச்சின் பல் விகிதத்தையும் கேட்டறிய வேண்டும். விகிதம் 5.38 எனில் சக்கரம் ஒருமுறை சுழல எஞ்சின் 5.38 முறை சுழல வேண்டும். டீசலின் உச்சச் சுற்று குறைவாதலால் வண்டி கதறுமே தவிர ஓடாது. எஞ்சின் நிரபராதி.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றறிய, ஐடிலில் ஓடும்போது நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்துவர். சத்தம் மாறாத இடமே செத்த சிலிண்டர். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். கையும் முகமும் விலகியே இருக்கட்டும். காமன் ரெயில் எஞ்சின்களில் இதை ஒருபோதும் செய்தலாகாது. அங்கு அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்திற்கும் மேல்.

வண்டி சீராகிவிட்டாலும் ஒரு வேலை மிச்சமிருக்கும். எஞ்சின் எண் பதிவுச் சான்றில் உள்ள விவரம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளாவிடில், விபத்து நேர்ந்த அன்று காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணாகவே இருக்கும்.