நஞ்சுமுறிவு மருந்தின் முதல் கண்ணி

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குச் செல்வோர், அதே வளாகத்தில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தையும் எட்டிப் பார்ப்பதுண்டு. வரிசையாக மண்பானைகள், வாயில் துணிக்கட்டு, உள்ளே நல்ல பாம்பும் விரியனும். ஒருவர் பாம்பின் தலையைப் பற்றிக் கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்க வைக்கிறார். சில துளிகள் வழிகின்றன. வேடிக்கை முடிந்துவிடுகிறது. பொருளியல் பேராசிரியராக இருந்த நாள்களில், அங்கு அழைத்துச் சென்ற மாணவர்களிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தத் துளிக்கு யார் பணம் தருகிறார்கள்?

ஒருகாலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோலுக்கே விலை இருந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வணிகத்தை முடித்துவைத்தன. பாம்புகளுக்கு நல்லது நடந்தது. பிடித்தவர்களின் அடுப்பைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரின் முன்முயற்சியில் 1978-இல் இச்சங்கம் உருவானது. பிடித்த பாம்பைக் கொல்லாமல் சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவது. நஞ்சை உலர்த்தித் தூளாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்பது. இதுவே அதன் தொழில்.

சமூகப் புத்தாக்கம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் செங்கல்பட்டு மாவட்டத்தில் எனக்குத் தெரியாது. அறிவு இருளர்களுடையது. அதற்கு மாற்றுப் பயன் கண்டது லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. அரசு தந்தது கூட்டுறவு என்ற சட்ட வடிவமும் பாம்பு பிடிக்கும் அனுமதியும். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி, பணம். அரசு மருத்துவமனையில் பாம்புக்கடிக்கு மருந்து இலவசம். அதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்குகிறது. ஆக, பொதுப்பணம் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நுழைந்து, நிறுவனங்களின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இருளரை அடைகிறது. குறைந்த விலை கேட்போருக்கே ஒப்பந்தம் என்னும்போது, அந்த அழுத்தம் நஞ்சின் விலைவரை பின்னோக்கிப் பாயும் என்பது என் கணிப்பு. வாங்குவோர் சிலரே என்ற சந்தையில் விற்பவரின் பேரம் எடுபடாது.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் வயலில் உழைக்கும் ஏழைகள். ஓரிடத்துப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வேறிடத்துப் பாம்பின் கடிக்குப் போதிய அளவில் வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காட்டில் பிடித்து, நஞ்செடுத்து, விட்டுவிடும் முறையை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளும் ஊக்குவிப்பதில்லை. நோய்க் கண்காணிப்புடன் நெடுங்காலம் வளர்க்கப்படும் பாம்புகளே வேண்டும் என்கின்றன. 1978-இல் புதுமையாக இருந்த முறை, இனி தன்னையே புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் செலவை நஞ்சு விற்ற வருமானத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தாங்காது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஒதுக்கப்படும் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். திறப்பு விழா நடத்தத்தக்க கட்டடத்துக்கு அந்நிதி எளிதில் வரும். பாம்புக்கு இரையாக எலி வளர்க்கும் அன்றாடச் செலவுக்கு யார் காசோலை எழுதுவார்?

மருந்து நிறுவனங்களே பாம்புகளை வளர்த்துக்கொள்ளட்டும் என்ற வாதமும் உண்டு. நடக்கக்கூடியதுதான். அப்போது இருளர் கூலியாள் ஆவார், அல்லது தேவையற்றவர் ஆவார். அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தொழிலில் இருக்க விரும்புவோரைச் சந்தையே வெளியேற்றுவது வேறு விஷயம்.

ஆகவே, வளர்ப்பு நிலையத்தை அமைக்கவும் முதல் சில ஆண்டுகள் நடத்தவும் மாநில அரசே மானியம் தர வேண்டும். நிலையம் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அனுமதிக்குக் காத்திருக்கும் முறைக்குப் பதிலாக, கண்காணிப்புடன் கூடிய பல்லாண்டு உரிமம் வேண்டும்; காத்திருக்கும் மாதங்களில் பானைகள் காலியாகத்தானே இருக்கும்.