பழைய வீட்டைக் காப்பாற்ற சுவர் மட்டும் போதாது! - பொங்கலுக்கு உயிர்பெறும் தக்ஷிணசித்ரா வீடுகள்

பத்து வயதுப் பிள்ளையிடம் ஆட்டுக்கல்லைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சரியாகச் சொல்லலாம். ஆனால் ஒரு கை குழவியைச் சுற்ற, இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும் பக்குவத்தைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். பழைய வீடுகளும் அப்படித்தான். பூட்டி வைத்தால் வெறும் கட்டடம். உள்ளே வேலை நடந்தால்தான் அது வீடு.

இந்த எண்ணத்தில் இயங்கும் இடம்தான், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. 1996-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதன் வடிவமைப்புக்கு வழிகாட்டினார். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எனத் தென்மாநில வீடுகள் சுமார் 10 ஏக்கரில் நிற்கின்றன.

வீட்டையே பெயர்த்து எடுக்க முடியுமா?

முடியும். அதிலும் மரவீடு என்றால் இன்னும் எளிது. கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியில் 1850-ல் கட்டப்பட்ட சிரியன் கிறிஸ்தவக் குடும்ப வீடு ஒன்று இங்கே இருக்கிறது. மரமே பிரதானமான வீடு. நெல் சேமிக்கும் அறைக்குத்தான் அதில் முதல் மரியாதை.

கேரளத்தின் மரபுத் தச்சர்கள் மரத்தோடு மரத்தைக் கொளுவி, முளை அடித்து இறுக்கும் முறையில் கைதேர்ந்தவர்கள். அப்படிக் கட்டிய வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். அதே வரிசையில் வேறோர் இடத்தில் பூட்டவும் செய்யலாம். மண்சுவர்களை அப்படித் தூக்கி வர முடியாது. அவற்றைப் பழைய முறையிலேயே புதிதாக எழுப்ப வேண்டும். அதற்கு அந்த வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும்.

பண்டிகை வந்தால் வீடு விழிக்கும்

பானை வனைவது, கூடை முடைவது, பனையோலையில் பொம்மை செய்வது போன்ற கைவேலைகளைப் பார்வையாளர்கள் இங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். சிலவற்றைத் தாங்களே செய்தும் பார்க்கலாம். வார இறுதிகளில் கிராமியக் கலை நிகழ்ச்சிகள் நடக்கும். பொங்கல், நவராத்திரி, ஓணம் சமயங்களில் இன்னும் களைகட்டும்.

பண்டிகைக்கு இங்கே தனி இடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. கிராமத்து வீடு பருவத்தை ஒட்டியே இயங்கியது. அறுவடை முடிந்தால்தான் குதிர் நிறையும். முற்றத்தில் நெல் காயும். தை பிறந்தால்தான் வாசலில் பொங்கல் பானை ஏறும். அந்தந்தக் காலத்தில் பார்க்கும்போதுதான், முற்றம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, திண்ணை ஏன் தெருவைப் பார்த்து இருக்கிறது என்பதெல்லாம் விளங்கும்.

முதலில் யோசித்தவர் ஒரு ஸ்வீடன்காரர்

ரயிலும் தொழிற்சாலையும் வந்து ஸ்வீடனின் கிராம வாழ்க்கை மாறிக்கொண்டிருந்த காலம். ஆர்டர் ஹசேலியஸ் என்பவர் 1885-ல் மோரா பகுதியிலிருந்து ஒரு மரக்கட்டை வீட்டை வாங்கினார். அதையும் வேறு வீடுகளையும் வைத்து 1891-ல் ஸ்டாக்ஹோமில் 'ஸ்கான்சன்' திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். வீடுகளுக்குள் அந்தக் கால உடையில் ஆட்களையும் நிறுத்தினார். 1903-ல் அங்கே தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தை இன்றும் புகழ்பெற்றது. உலகின் பல நாடுகளில் இதே பாணி பரவியது.

காரைக்குடியில் விற்பனைக்கு நிற்கும் தூண்கள்

மதுரைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் கதவு, தூண், நிலை, பெட்டி, பீங்கான் எல்லாம் தனித்தனியாக விற்பனைக்கு இருக்கும். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை அவற்றில் பல. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஊருக்கு ஒருவர், நாட்டுக்கு ஒருவர் என வசிப்பார்கள். பராமரிக்க ஆளும் இல்லை, செலவும் கட்டுப்படியாகாது. கடைசியில் இடிப்பதே வழி என்றாகிவிடுகிறது.

செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியல் மட்டும் ஓட்டுக்கூரை ஒழுகுவதை நிறுத்தாது.

தக்ஷிணசித்ராவும் எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. பெயர்த்து வைக்கப்பட்ட வீட்டுக்கு அதன் தெரு இல்லை, கோயில் இல்லை, கண்மாய் இல்லை. வீடு அதன் சொந்த ஊரில், சொந்த மனிதர்களோடு நிற்பதற்கு ஈடில்லை. அந்த வாய்ப்பு இல்லாதபோது, தூண் தூணாக விலை போவதைவிட முழு வீடாக வேறிடத்தில் நிற்பது மேல்.

மதுரையிலிருந்தே ஒரு நாள்

சென்னை வரை போக முடியாதவர்கள் ராமேஸ்வரம் சாலையில் ஒரு நாள் ஒதுக்கலாம். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில் கீழடி. 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பானைகளையும் நூல் நூற்கும் தக்களிகளையும் அங்கே பாருங்கள்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் மானாமதுரை. மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர். இதன் மண்பாண்டங்கள் புவிசார் குறியீடும் பெற்றவை. காலையில் கண்ணாடிக்குள் பார்த்த பானை, மதியம் சக்கரத்தில் எழும்புவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கிளம்பும் முன் கவனிக்க

* தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பண்டிகை நிகழ்ச்சிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.
* நடை அதிகம். தொப்பி, தண்ணீர் அவசியம். அரை நாளாவது ஒதுக்குங்கள்.
* மானாமதுரையில் வேலை நடக்கும் இடங்களுக்குப் போனால் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள்; முடிந்தால் ஒரு சட்டியாவது வாங்குங்கள்.
* தாத்தா, பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உலக்கை பிடிக்கும் விதமும், குதிரில் நெல் எடுக்கும் விதமும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்ல, செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஊரில் பழைய வீடு இன்னும் நின்றால், அந்த வீடியோவை அங்கேயே எடுங்கள்.